துலா மிதிப்பவர்

ஒஸ்லோவில் நாங்கள் வேலை செய்கிற உணவகத்தின் பின்கதவு ஒரு முற்றத்துக்குள் திறக்கிறது. குப்பைத் தொட்டிகளும் சைக்கிள்களும் நிற்கிற முற்றம். அதன் மூலையில் ஒரு பழைய கராஜ். அதற்குள் 1966ஆம் ஆண்டு வோல்வோ பி 1800 எஸ் ஒன்று நிற்கிறது. இரண்டு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் சொந்தக்காரர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு நோர்வேஜியர். குளிர்காலம் முழுவதும் அது போர்வைக்குள் கிடக்கும். றோட்டில் கொட்டிய உப்பெல்லாம் மழையில் கழுவுப்பட்ட பிறகு, மே மாதத்தில்தான் வெளியே வரும்.

கடந்த வருட மே மாதத்தில் ஒரு காலை, எங்களோடு சமையலறையில் நிற்கிற அண்ணை உருளைக்கிழங்குத் தோல் கொட்டப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தோம். வாளியைக் கையில் பிடித்தபடி அந்தக் காரின் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைப் புகை. என்ஜின் சூடேறிய பிறகும் அடங்காத வெள்ளை.

"உந்த மனிசனிட்டைக் கேள், பிறேக் ஒயில் குறையுதோ எண்டு."

கேட்டோம். கிழவர் திகைத்துப் போனார். இரண்டு கிழமையாகக் குறைகிறதாம். நாலு சில்லையும் கழற்றிப் பார்த்தாராம். நிலத்தில் ஒரு சொட்டு ஒழுக்குக்கூட இல்லையாம்.

"ஒழுகேல்லை. என்ஜின் குடிக்குது. பூஸ்டர் போட்டுது."

அண்ணை 1990 தொடக்கம் 1995 வரை யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் நின்றவர். பிறகு வன்னி. 2000ஆம் ஆண்டு நோர்வே. அன்றிலிருந்து பாத்திரமும் கிழங்கும்தான். நாங்கள் யாழ். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்து, 2006இல் ஏ-9 பாதை மூடப்பட்ட பின் வந்த குழப்பத்தில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள். பாஸ்காலின் விதியைப் பரீட்சையில் எழுதத் தெரிந்த நாங்களும், அந்த விதியின் பெயரே கேள்விப்படாமல் அதோடு ஐந்து வருடம் மல்லுக்கட்டிய அண்ணையும் சேர்ந்து அந்தப் பூஸ்டரை மாற்றினோம். அந்தச் சாட்டில் கொஞ்சம் சரித்திரம் எழுதலாம் என்று தோன்றியது.

*

ஊரில் துலாக் கிணறு கண்டவர்களுக்குப் பூஸ்டரை விளங்கப்படுத்துவது சுலபம். கிணற்றடியில் ஒருவர் பட்டையோடு நிற்பார். இன்னொருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். பட்டையை எங்கே தாழ்ப்பது, எப்போது கவிழ்ப்பது என்பதெல்லாம் கீழே நிற்பவருடைய தீர்மானம். பாரத்தை இழுப்பது மேலே நடப்பவருடைய உடம்பு. துலா மிதிக்க ஆளில்லாவிட்டாலும் தண்ணீர் இறைக்கலாம். ஆனால் பத்துப் பட்டை இறைத்த கை பதினோராவதில் நடுங்கும்.

காரில் துலா மிதிப்பது காற்று. என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உறிஞ்சுகிறது. ஓட்டுபவர் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் காற்றுப்பாதை ஏறக்குறைய மூடிக்கொள்ள, அந்த உறிஞ்சல் இன்னும் கடுமையாகிறது. அதிலிருந்து ஒரு குழாய் பூஸ்டருக்குப் போகிறது. பூஸ்டர் என்பது நடுவில் றப்பர்ச் சவ்வு ஒன்றால் பிரிக்கப்பட்ட ஒரு தகர உருளை. பிறேக்கைத் தொடாதபோது சவ்வின் இரண்டு பக்கத்திலும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். பெடலை மிதித்ததும் ஒரு சின்ன வால்வு திறந்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. மறுபக்கம் வெறுமையாகவே இருக்கிறது. வெளிக்காற்று சவ்வைத் தள்ளுகிறது.

18 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சவ்வு என்றால் அதன் பரப்பு சுமார் 250 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 600 கிராம் அளவு வித்தியாசம் இருந்தாலே 150 கிலோ தள்ளுவிசை வந்துவிடும். இரண்டு பெரிய மனிதர் துலாவில் ஏறி நின்றது மாதிரி. என்ஜின் நின்றுபோனால் உள்ளே அடைபட்டிருக்கும் வெறுமை இரண்டொரு மிதிக்குத்தான் காணும். அதற்குப் பிறகு துலாவில் ஆளில்லை. உங்கள் கால் மட்டும்தான்.

அந்த வோல்வோவில் பூஸ்டர் பெடலோடு ஒட்டி இருப்பதில்லை. தள்ளி, பிறேக் ஒயில் குழாயின் இடைநடுவில் இருக்கிறது. அதற்குள் ஒயில் போகிற சின்ன சிலிண்டர் ஒன்றும் உண்டு. அதன் றப்பர் தேய்ந்தால் ஒயில் வெளியே ஒழுகாது. வெறுமை இருக்கிற பக்கத்துக்கு உறிஞ்சப்பட்டு, குழாய் வழியே என்ஜினுக்குள் போய் எரியும். அதுதான் வெள்ளைப் புகை. கசிவைத் தேடி நிலத்தைப் பார்ப்பவருக்கு அது அகப்படாது. புகைக்குழாயைப் பார்ப்பவருக்கே அகப்படும்.

*

இந்தக் கருவி ஏன் வந்தது? ஆரம்பகாலக் கார்களில் பிறேக் என்பது கம்பியும் கோலும்தான். ஒயிலின் அழுத்தத்தால் நாலு சில்லையும் ஒரேயளவாய்ப் பிடிக்கும் முறையை அமெரிக்காவில் மல்கம் லோக்ஹீட் உருவாக்கினார். 1921இல் டுசன்பேர்க் கார் அதை நாலு சில்லுக்கும் பூட்டி வந்தது. என்ஜினின் உறிஞ்சலைக் காலுக்கு உதவியாய்த் திருப்பிவிடும் வழியை பெல்ஜியத்தைச் சேர்ந்த அல்பேர் டுவாந்திர் 1920களில் கண்டார். ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1927இல் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் அது பாரமான லொறிகளுக்கும் பெரும் பணக்காரருடைய கார்களுக்கும்தான். சாதாரண சின்னக் காருக்கு அது தேவைப்படவில்லை.

ஏனென்றால் அன்றைய பிறேக்குகள் ட்றம் பிறேக்குகள். சுழலுகிற ட்றம்மோடு உரசும் கட்டையை ட்றம்மே தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். அதாவது, தன் துலாவைத் தானே மிதித்துக்கொள்ளும் பிறேக் அது. குறை என்னவென்றால், அடிக்கடி மிதித்தால் சூடேறிப் பிடி விட்டுவிடும். ஓட்டப்பந்தயக் கார்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1953இல் பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-ரைப் கார், டன்லொப் டிஸ்க் பிறேக்கோடு ஓடி வென்றது. மற்றவர்கள் வளைவுகளுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க, ஜாகுவார்காரர் கடைசி நேரத்தில் மிதித்துத் திரும்பினார்கள். ஆனால் டிஸ்க் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளாது. முழுப் பலத்தையும் மிதிப்பவர்தான் கொடுக்கவேண்டும். டிஸ்க் வந்த இடமெல்லாம் பின்னாலேயே பூஸ்டரும் வரவேண்டியிருந்ததன் காரணம் அதுதான்.

வோல்வோ பி 1800 அந்த மாற்றத்தின் பிள்ளை. 1960 ஜனவரியில் பிறசெல்ஸ் கண்காட்சியில் காட்டப்பட்டது. 1961இல் உற்பத்திக்கு வந்தது. முன்சில்லில் கேர்ளிங் டிஸ்க், பின்சில்லில் ட்றம், நடுவில் பூஸ்டர். ஆரம்பத்தில் இங்கிலாந்தில் பொருத்தப்பட்டது. 1963இல் பொருத்தும் வேலை சுவீடனுக்கு மாறியது. 1973 வரை இந்த வகைக் கார்கள் வந்துகொண்டிருந்தன.

*

1960 என்ற வருடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

இன்றைய நோர்வேயைப் பார்க்கிற எங்களுக்கு, இந்த நாட்டில் ஒருகாலத்தில் கார் பங்கீட்டில் இருந்தது என்றால் நம்ப முடிவதில்லை. யுத்தம் முடிந்து 15 வருடமாக, அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் சாதாரண மனிதர் இங்கு விரும்பிய புதுக் காரை வாங்க முடியாது. வெளிநாட்டுச் செலாவணியை மிச்சம் பிடிக்கவேண்டும் என்பது காரணம். பண்டமாற்று ஒப்பந்தங்களின்கீழ் வந்த கிழக்கு ஐரோப்பியக் கார்களை மட்டும் ஓரளவு சுலபமாக வாங்கலாம். 1956இல் ரெலமார்க் மாவட்டத்து லுண்டே என்ற இடத்தில் 'துரோல்' என்ற பெயரில் நோர்வேயின் சொந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். ஐந்து காரோடு அந்தக் கனவு முடிந்தது. 1960 ஒக்ரோபர் 1ஆம் திகதிதான் தனியார் கார்ப் பங்கீடு நீக்கப்பட்டது.

அதே காலத்தில் இலங்கையில் கதவு மூடத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் வந்த செலாவணி நெருக்கடியோடு கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 தொடக்கம் 1977 வரை கட்டுப்பாடு இன்னும் இறுகியது. இதன் விளைவை யாழ்ப்பாணத்தின் எந்தச் சந்தியிலும் பார்க்கலாம்: ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், பேஜோ 203. 1950களில் இறங்கிய கார்கள் எங்களுடைய வாடகைக் கார்களாகவும், கலியாணக் கார்களாகவும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கார்களாகவும் தலைமுறை தாண்டி ஓடின. அவற்றுக்குப் பூஸ்டர் கிடையாது. மொறிஸ் மைனரின் பிறேக் சிலிண்டர் ஓட்டுபவருடைய காலுக்குக் கீழே தரைக்குள் ஒளித்திருக்கும். ஒரு காலும், ஒரு சிலிண்டரும், நாலு ட்றம்மும்தான். அதனால்தான் அவை உயிர் தப்பின என்று அண்ணை சொல்கிறார். இல்லாத சாமான் பழுதாகாது.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பானிய வான்கள் வந்தன. அவற்றோடு எங்களிடம் பூஸ்டர் வந்தது. டீசல் என்ஜின் பெற்றோல் என்ஜின்போல வெறுமையை உண்டாக்காது. ஆகவே டீசல் வான்களுக்கு உறிஞ்சுவதற்கென்றே தனிப் பம்ப் ஒன்றும் இருந்தது. புதுக் கருவிகளைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில் யுத்தம் வந்தது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு பொருளாதாரத் தடையும் வந்தது.

*

அந்த ஐந்து வருடத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் சொல்கிற கதைகள் பெரும்பாலும் பெருமைக் கதைகள். பெற்றோல் இல்லை; மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு என்ஜினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெய்ப் புகையின் கண்ணெரிச்சல், அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளாயிருந்த எங்களுக்கும் நினைவிருக்கிறது. வாகன உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட பொருள்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1990களில் இலங்கையின் தெற்கே மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து, இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் நடத்திய மொறிஸ் மைனர் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டிப் போன பாகம் ஆனையிறவு தாண்டி வரவில்லை.

நாங்களும் இந்தப் பெருமைக் கதைகளைச் சொல்லித் திரிந்தவர்கள்தான். அண்ணை சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பது அந்த வோல்வோவின் பூஸ்டரைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது.

புதுப் பூஸ்டர் சுவீடனிலிருந்து வர இரண்டு கிழமை செல்லும் என்றார்கள். கிழவருக்கு மே 17, நோர்வேயின் தேசிய தினத்தன்று, காரை வெளியே எடுக்கவேண்டும். அவர் எங்கோ வாசித்திருந்தார்: இந்த வகைப் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே போகிற ஒயில் குழாயையும் வெளியே வருகிற குழாயையும் நேரே இணைத்துவிடலாம், உறிஞ்சுகிற குழாயை அடைத்துவிடலாம், பெடல் கல்லாக இருக்கும், ஆனால் ஓடலாம். சொன்னது தொழில்நுட்பப்படி சரி. மெல்ல ஓட்டுவேன், ஒரு நாளைக்குத்தானே என்றார்.

அண்ணை "நெய்" என்றார். நோர்வேஜிய மொழியில் "இல்லை", "மாட்டேன்" என்பதற்கெல்லாம் அந்த ஒரு சொல்தான். சமையலறையில் முதலாளி என்ன சொன்னாலும் தலையாட்டுகிற அண்ணை ஒரு வெள்ளைக்காரருக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிழவர் போனபின் சொன்னார். ஒரு டீசல் வான். 1993 என்று நினைக்கிறார். பூஸ்டரின் சவ்வு கிழிந்துவிட்டது. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் சவ்வு இல்லை. உறிஞ்சுகிற குழாய்க்குள் பூவரசந் தடி ஒன்றைச் சீவிச் செருகி, சைக்கிள் ரியூப் றப்பரால் சுற்றிக் கட்டினார். சாரதிக்குச் சொன்னார்: முன்னுக்குப் போகிற ஆளோடு ஒட்டி ஓடாதே, எழும்பி நின்று மிதி. வான் மூன்று மாதம் ஓடியது. அந்தப் பக்கத்துச் சனம் அவருடைய கையைப் புகழ்ந்தது. பிறகு ஒருநாள் இரவு, நோயாளி ஒருவரை ஏற்ற அவசரத்தில் வேறொருவர் அந்த வானை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒழுங்கையிலிருந்து விறகு கட்டிய சைக்கிளோடு ஒருவர் ஏறினார். மிதித்த பெடல் இறங்கவில்லை.

சைக்கிள்காரர் உயிர் தப்பினார். ஒரு கால் போய்விட்டது.

"ஒருத்தரும் என்னைப் பேசேல்லை," என்றார் அண்ணை. "வான்காரரும் பேசேல்லை, கால் போன மனிசனும் பேசேல்லை. எல்லாரும் தடையைத்தான் பேசிச்சினம். அது உண்மைதான். ஆனா தடி செருகினது என்ரை கையெல்லே."

நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? உதிரிப்பாகத்தைத் தடுத்தவர்களுக்கு அந்தச் சைக்கிள்காரரைத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ தடியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தடையின் கணக்கில் பசியும் மருந்தில்லாத சாவும் எழுதப்பட்டிருக்கின்றன. பழுதான பிறேக்கால் போன காலை எந்தக் கணக்கில் எழுதுவது?

*

மே 17 அன்று வோல்வோ கராஜுக்குள்ளேயே நின்றது. கிழவர் ஊர்வலத்துக்கு நடந்து போனார். மாதக் கடைசியில் பெட்டி வந்தது.

வேலை முழுவதையும் எழுதினால் பக்கம் காணாது. ஒயில் குழாய்களின் மூட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டோம். அவசரப்பட்டு ஸ்பனர் போட்டால் மூட்டோடு சேர்ந்து குழாயும் முறுகும். பிறேக் ஒயில் பட்ட இடத்தில் பெயின்ற் உரியும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டோம். பழைய பூஸ்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு கோப்பை ஒயில் கொட்டியது. அண்ணை அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

புதியதைப் பூட்டிய பிறகு குழாய்களுக்குள் அகப்பட்ட காற்றை வெளியேற்றவேண்டும். நாங்கள் பெடலில், அண்ணை காருக்குக் கீழே, கிழவர் ஒயில் போத்தலோடு. தூரமான சில்லிலிருந்து தொடங்கினோம். "மிதி… பிடி… விடு." கிழவர் அந்த மூன்று சொல்லையும் பாடமாக்கி, கடைசிச் சில்லுக்கு அவரே தமிழில் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் கிழவர் தன்னுடைய தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். 1940 ஏப்ரல் தொடக்கம் 1945 மே வரை நோர்வே ஜேர்மனியரின் பிடியில் இருந்தது. பெற்றோல் படைகளுக்குத்தான். நோர்வேஜியர் தங்கள் பஸ்களிலும் கார்களிலும் அடுப்புப் போன்ற உருளை ஒன்றைப் பூட்டி, 'க்னொட்' என்று சொல்லப்படும் சின்ன மரத்துண்டுகளைப் புகையவிட்டு, அந்த வாயுவில் வாகனம் ஓட்டினார்கள். பிள்ளையாயிருந்தபோது இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போனதாம். நாங்கள் அண்ணைக்கு மொழிபெயர்த்தோம். அண்ணை காருக்குக் கீழேயிருந்து தலையை நீட்டி, "எங்கடை மண்ணெண்ணெயைவிட அது கஷ்டமான வேலை," என்றார். தொழிலாளி தொழிலாளியைப் பாராட்டுகிற குரல் அது.

அந்த மரத்துண்டுக் கார்களை நோர்வேஜியர் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். படங்கள் இருக்கின்றன. எவ்வளவு மரத்துக்கு எவ்வளவு தூரம் என்ற கணக்கு இருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது? மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்ற ஒரு வரி. அதைச் சொல்லும்போது வருகிற ஒரு சிரிப்பு. எந்தக் கராஜ் எதைச் செய்தது, எது சரிவந்தது, எது பிழைத்தது, எவருடைய கால் போனது என்று எழுதியவர் எத்தனை பேர்? அந்தக் கராஜ்களில் நின்றவர்கள் இன்று ரொறொன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். பலர் எங்களைப்போலச் சமையலறைகளில் நிற்கிறார்கள். அவர்களோடு அந்த அறிவும் போய்விடும். போனபின் மிஞ்சுவது பெருமை மட்டுமாய்த்தான் இருக்கும்.

நாங்கள் கேட்பது இதுதான். உங்கள் வீட்டில், உங்கள் வேலையிடத்தில் அப்படி ஒருவர் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஓடிய காரை மட்டுமல்ல, நிற்காமல் போன வானையும் எழுதுங்கள். சாதனையை மட்டும் எழுதினால் தடையை நாங்களே மெச்சினது மாதிரி ஆகிவிடும்.

கடைசிப் பரிசோதனை இப்படி. என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடல் இறுகும்வரை பல தடவை மிதிக்கவேண்டும். பிறகு மிதித்தபடியே என்ஜினை எழுப்பவேண்டும். பூஸ்டர் சரியென்றால் பெடல் காலுக்குக் கீழே தானாகக் கொஞ்சம் இறங்கும். நாங்கள் எழும்பி, அண்ணையை இருக்கையில் ஏறச் சொன்னோம். மாட்டேன் என்றார். பிறகு ஏறினார். கிழவர் வெளியே நின்று புகைக்குழாயைப் பார்த்தார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் எழும்பியது. வெள்ளைப் புகை இல்லை.

"இறங்குதோ அண்ணை?"

அண்ணை காலை எடுக்காமல் கொஞ்சநேரம் இருந்தார்.

"ஓம். இறங்கீட்டுது."